பள்ளிக்கு வந்து போகும் மனநல ஆலோசகர்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. அரசுப் பள்ளிக்கோ மாநகராட்சிப் பள்ளிக்கோ தற்காலிகமாக அமர்த்தப்படும் மனநல ஆலோசகரின் ஒப்பந்தம் கல்வியாண்டுக் கணக்கில் போடப்பட்டிருந்தால் ஏப்ரல் கடைசியிலேயே முடிந்துவிடும். தேர்வில் தவறிய பிள்ளை யாரிடமும் பேசாமல் அறைக்குள் முடங்கிக் கிடக்கும் அந்த வாரத்தில், அந்தப் பிள்ளையின் முகம் பார்த்துப் பழகிய ஆலோசகர் சம்பளப் பட்டியலில் இல்லை. அரசு உதவி எண்ணிலிருந்து யாரோ ஒருவர் போனில் கூப்பிடுவார். அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் போனில் கூப்பிடுகிறவருக்கு இந்தப் பிள்ளையை முன்பின் தெரியாது.

பள்ளி மனநல ஆலோசனையைப் பற்றிய நம் பேச்சு 'ஆள் உண்டா, இல்லையா' என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை நாளைக்கு, எந்த வேலைக்கு, போன பிறகு யார் பார்ப்பார் என்ற கேள்விகளுக்கு அது வருவதே இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்ததையும், இது பற்றி உலகில் நடந்த நல்ல ஆய்வுகள் சிலவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

முதலில் பிரச்சினையின் அளவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இதில் கல்லூரி மாணவர்களும் அடக்கம். எல்லா மரணத்துக்கும் தேர்வுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. குடும்பச் சண்டை, காதல், நோய், சாதி என்று எத்தனையோ இருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது சொன்னது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எழுபது பேருக்கு மேல். நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறமாட்டார் என்கிற நிலையில், இந்த எழுபது பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நடக்கிற காரியமில்லை. பள்ளிக்குள்ளேயே யாராவது இருந்தாக வேண்டும்.

சம்பவம் நடந்தால் திட்டம்

2012 பிப்ரவரி 9. சென்னை பாரிமுனைப் பகுதியில் ஒரு தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். ஊரே உறைந்துபோனது. அதற்குப் பிறகுதான் பள்ளிக் கல்வித் துறையின் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் வந்தன. ஒரு வேன், அதில் ஓர் உளவியலாளர், பள்ளி பள்ளியாகப் போவது. மொத்தம் பத்து மையங்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். மூன்று மாவட்டத்துக்கு ஓர் ஆள் என்றால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த உளவியலாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசிவிட்டு, கையைத் தூக்கிய நான்கு பிள்ளைகளிடம் தனியாக உட்கார்ந்து பேசிவிட்டு, மறுநாள் அடுத்த ஊருக்குப் போவதைத் தவிர அவர்களால் வேறென்ன செய்திருக்க முடியும்?

2018-இல் 14417 என்ற கல்வி உதவி எண் வந்தது. 2021 செப்டம்பரில் நீட் தேர்வையொட்டி மாணவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, தேர்வு எழுதிய ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் போனில் கூப்பிட்டுப் பேச 333 ஆலோசகர்களை மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்தது. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் ஒரு பள்ளி மாணவியின் மரணம், அதைத் தொடர்ந்த கலவரம், தீவைப்பு. அடுத்த சில வாரங்களில், பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுக்களில் உள்ள சுமார் 800 மருத்துவர்கள் மாணவர்களுக்கு மனநல ஆலோசனையும் தருவார்கள் என்ற அறிவிப்பு. அதே ஆண்டு அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண், 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில். டிசம்பரில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அது தந்த அறிக்கையில், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு பள்ளி நல அலுவலர் பணியிடம் உருவாக்க வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது.

வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பெரும்பாலானவற்றுக்கு முன்னால் ஒரு சாவோ ஒரு வெட்டோ இருக்கிறது. சம்பவத்தின் சூட்டில் பிறக்கும் திட்டத்துக்கு ஆள் உடனே தேவை. உடனே கிடைப்பது ஒப்பந்தப் பணியாளர், அல்லது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கும் ஒருவரின் தலையில் கூடுதலாக ஏற்றப்படும் பொறுப்பு. கண் பரிசோதனை, பல் பரிசோதனை, ரத்தசோகை என்று ஒரே நாளில் நூறு பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் மனச்சோர்வையும் பார்க்கச் சொல்வது இரண்டாவது வகை. இந்தப் பட்டியலில் ஆலோசனைக்கென்று ஒரு பணியிடத்தைப் பள்ளிக்குள்ளேயே உருவாக்கச் சொன்னது சந்துரு அறிக்கை ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தமிழ்நாடு இந்த விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும் 1996-இல் அதன் கிளையான மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. இரண்டாவதை எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோன மாநிலம் இது. ஆலோசகர் யாரும் இல்லாமலேயே பல உயிர்களைக் காத்த ஒரு நிர்வாக முடிவும் இங்கே எடுக்கப்பட்டது. தேர்வில் தவறியவர் ஓராண்டு காத்திருக்காமல் சில வாரங்களிலேயே எழுதக்கூடிய துணைத் தேர்வு அது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதற்காக விடாமல் குரல் கொடுத்தவர். பாட நூல் எழுதுகிறவர்களும் தேர்வு அட்டவணை போடுகிறவர்களும் ஒருவகையில் மனநலப் பணியாளர்களே என்பதை அந்தத் துணைத் தேர்வு காட்டியது.

அறை இல்லாத வேலை

சென்னை மயிலாப்பூரை எடுத்துக்கொள்வோம். லஸ் முனையில் நின்றால் நடந்து போகிற தூரத்துக்குள் எல்லா வகைப் பள்ளியும் உண்டு. நூறாண்டைத் தாண்டிய உதவி பெறும் பள்ளிகள், மெட்ரிக், சிபிஎஸ்இ, மாநகராட்சிப் பள்ளிகள். வசதியான தனியார் பள்ளியில் முழுநேர ஆலோசகர் இருப்பார். கதவில் பெயர்ப் பலகை தொங்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் ஒரு நாளோ யாராவது வரலாம். நடுவில் மாட்டிக்கொண்டது உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். ஆலோசகர் பணியிடம் என்று ஒன்று அனுமதிப் பட்டியலிலேயே இல்லை. நிர்வாகம் மனது வைத்தால் தன் பணத்தில் அமர்த்திக்கொள்ளலாம்.

பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகள், மந்தைவெளி சந்துகளில் ஒற்றை அறையில் இருக்கிறவர்களின் பிள்ளைகள், மாடவீதிகளில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், குடும்பத்தைப் பெரும்பாக்கம் மறுகுடியிருப்புக்கு மாற்றிவிட்டபோதும் பழைய பள்ளியை விட மனமில்லாமல் அங்கிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். மாநகராட்சிப் பள்ளியில் தற்காலிக ஆலோசகர் சந்திப்பது இவர்களைத்தான்.

அவருக்கு முதலில் இல்லாதது அறை. அறிவியல் ஆய்வகத்தின் ஓரம், கேரம் போர்டும் வளையங்களும் அடுக்கிய விளையாட்டுச் சாமான் அறை, தலைமையாசிரியர் வெளியே போயிருந்தால் அவர் அறை. கதவை முழுக்கச் சாத்தவும் கூடாது, திறந்து வைத்தால் பிள்ளை பேசாது. அரைக்கதவு சாத்தி, வெளியே இருந்து பார்த்தால் இருவரும் தெரியும்படி, ஆனால் பேச்சு கேட்காதபடி நாற்காலியைப் போடுவது ஒரு தனிக் கலை. ஒரு பீரியட் நாற்பது நிமிடம். பிள்ளையைக் கூப்பிட்டு வர ஐந்து நிமிடம், அது உட்கார்ந்து பழக ஐந்து நிமிடம் போனால் மிச்சம் அரை மணி நேரம்.

அனுப்பிவைக்கப்படும் பிள்ளைகளோ பெரும்பாலும் சத்தம் போடுகிறவர்கள். "இவன் சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கறான், கொஞ்சம் கவுன்சிலிங் குடுத்து அனுப்புங்க மேடம்" என்று வகுப்பாசிரியர் ஒரு பையனைத் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார். சத்தமே போடாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் அனுப்ப மாட்டார்கள். அவளைக் கண்டுபிடிக்க ஆலோசகர் சத்துணவு நேரத்தில் வராந்தாவில் நடமாட வேண்டும், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பள்ளியிலேயே பல நாள் இருந்தாக வேண்டும்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சந்திப்பில் அவள் கணக்கு மிஸ் திட்டுவதைப் பற்றிப் பேசுவாள். இரண்டாவதில் தம்பியைப் பற்றி. மூன்றாவதில்தான் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதும், தம்பியை இழுத்துக்கொண்டு தான் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருப்பதும் வெளியே வரும். நான்காவது சந்திப்பில் சேர்ந்து ஏதாவது யோசிக்கலாம்: எந்தச் சித்தி வீட்டுக்குப் போகலாம், அம்மாவிடம் யார் பேசலாம், எந்த எண்ணுக்குப் போன் செய்யலாம். ஆலோசகர் மாதம் ஒருமுறை வருபவர் என்றால், ஜூலையில் தொடங்கிய இந்தப் பேச்சின் நான்காவது சந்திப்பு காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் கழிந்து அக்டோபருக்குப் போய்விடும். இடையில் அவர் மாற்றப்பட்டால் புது ஆளிடம் அவள் மறுபடியும் கணக்கு மிஸ்ஸிலிருந்து ஆரம்பிப்பாள். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது ஆளிடம் வாயே திறக்க மாட்டாள். "மிஸ், நீங்க அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று பிள்ளைகள் கேட்பது சும்மா இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று அளந்து பார்க்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் சட்டம் சம்பந்தப்பட்டது. இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் அதைக் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பிரிவு 19 அப்படிச் சொல்கிறது. சொல்லாவிட்டால் தண்டனை உண்டு. ஆலோசகருக்கு விதிவிலக்கு கிடையாது. சொல்லியும் விடுகிறார் என்று வைத்துக்கொண்டால், வழக்கு சாட்சி விசாரணைக்கு வரும்போது இவர் எங்கே இருப்பார்? ஒப்பந்தம் முடிந்து வேறு மாவட்டத்தில் வேறு வேலையில் இருப்பார். சம்மன் பழைய பள்ளி முகவரிக்குப் போகும். குழந்தை முதன்முதலில் நம்பிச் சொன்ன ஆள், குழந்தைக்குத் துணையாக நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டிய நாளில், அங்கே இருப்பாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கோப்புகளும் அப்படித்தான். பள்ளி அலமாரியில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று பயந்து ஆலோசகர் தன் கைப்பையிலேயே குறிப்பேட்டை வைத்திருப்பார். அவர் போகும்போது அதுவும் போய்விடும். பூட்டுள்ள ஒரு இரும்புப் பெட்டியும், சாவி யாரிடம் என்ற ஒரு விதியும் போதும், இது தீர்ந்துவிடும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

குறுகிய காலத் தலையீடு வீண் என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்களை வைத்து நடந்த 'சேய்ல்' ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வெளியானது. மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இரண்டு, மாணவர்களைப் பரிசோதித்து ஆபத்தில் இருப்பவர்களை மருத்துவரிடம் அனுப்புவது. மூன்று, வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் வகுப்பறையில் மாணவர்களோடு சில வாரம் மனநலத்தைப் பற்றிப் பேசி, நடித்துப் பார்க்கவைத்து நடத்தும் நிகழ்ச்சி. ஓராண்டு கழித்து, தற்கொலை முயற்சிகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது மூன்றாவது மட்டும்தான். வந்து போகும் ஆள், சில மணி நேரம், ஆனால் தெளிவாக வரையறுத்த வேலை.

டெல்லி அரசுப் பள்ளிகளில் சங்காத் அமைப்பு நடத்திய 'பிரைட்' ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. பயிற்சி பெற்ற, தொழில்முறைப் பட்டம் இல்லாத ஆலோசகர்கள் மூன்று வாரத்தில் நான்கைந்து சந்திப்புகளில் பிள்ளைகளுக்குச் சிக்கல் தீர்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தாங்களே சொன்ன சிக்கல்களின் பாரம் ஆறு வாரத்தில் குறைந்தது. மனநோய் அறிகுறிகளில் ஆறாவது வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

நமக்கு மிகவும் பொருந்துவது பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு. 2018-இல் லான்செட்டில் வந்தது. சில பள்ளிகளில் அங்கேயே இருக்கும் ஓர் ஆசிரியர் இந்தப் பொறுப்பை ஏற்றார். சிலவற்றில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட, உளவியல் பட்டமில்லாத பயிற்சி ஆலோசகர், பள்ளிக்கு ஒருவர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழலே மாறியது: மனச்சோர்வு குறைந்தது, சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் எந்தப் பலனும் தெரியவில்லை. இரண்டாவது ஆண்டில் ஆலோசகர் பள்ளிகளின் பலன் இன்னும் கூடியது. அதே ஆள் அங்கேயே இருந்தால் இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டைவிட நன்றாக இருக்கும் என்பதுதான் தற்காலிக நியமனத்தை ஆதரிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

நம் ஊர் ஆதாரம் ஒன்றும் உண்டு. ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும், 1986-இல் தொடங்கிய ஸ்நேகாவின் தொண்டர்கள், 2004 சுனாமியில் உறவுகளை இழந்த சென்னைக் கடலோரக் குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதுதான் அவர்கள் பயிற்சி. ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது, அப்படிப் பார்க்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. சுனாமி நேரத்தில் கடற்கரைக்கு வந்து, படம் வரையச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிய குழுக்கள் எத்தனையோ. அவற்றின் பலனை யாரும் அளந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது: தற்காலிக ஆளை அமர்த்துவதில் தவறில்லை; அவரிடம் நிரந்தர ஆளின் வேலையைக் கொடுப்பதுதான் தவறு. வகுப்பறையில் மனநலப் பாடம், தேர்வு பயத்துக்கான நான்கு அமர்வுகள், யாருக்கு மருத்துவர் தேவை என்று கண்டறிந்து அனுப்பிவைப்பது ஆகியவற்றை வந்து போகிறவர் நன்றாகவே செய்யலாம். வீட்டு வன்முறை, பாலியல் துன்புறுத்தல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, அம்மாவை இழந்த பிள்ளை, சாதிப் பகை ஊறிய வகுப்பறை போன்றவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும் ஆள் வேண்டும். நம் திட்டங்கள் இரண்டையும் ஒரே ஆளின் பணி விவரத்தில் எழுதிவிடுகின்றன.

ஆசிரியரே பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதம் அடிக்கடி வரும். செலவில்லாத வழி என்பதால் நிதித் துறைக்குப் பிடிக்கும். பாடம், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், தேர்தல் பணி எல்லாவற்றுக்கும் இடையில் அவர் எங்கிருந்து நேரம் எடுப்பார் என்பது ஒரு பக்கம். மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை மனம் திறக்குமா என்பது இன்னொரு பக்கம். விதிவிலக்கான ஆசிரியர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களை நம்பி ஒரு மாநிலத் திட்டம் போட முடியாது.

வெளியே

அமெரிக்கா இதே சோதனையைப் பெரும் பணத்தோடு செய்து பார்த்தது. கொரோனா நிவாரணமாக 2021 மார்ச்சில் பள்ளிகளுக்கு 122 பில்லியன் டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு பங்கைக் கொண்டு பள்ளிகள் ஆலோசகர்களை எடுத்தன. பல இடங்களில் ஏஜென்சி வழியாக, ஓராண்டு ஈராண்டு ஒப்பந்தத்தில். பணத்துக்குக் கெடு 2024 செப்டம்பர் 30. 2022-இல் பள்ளி மனநலத்துக்கென்றே இன்னொரு சட்டம் ஒரு பில்லியன் டாலர் தந்தது; ஆட்சி மாறிய பிறகு, 2025 ஏப்ரலில், அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று கல்வித் துறை அறிவித்தது. மாநிலங்கள் வழக்குப் போட்டன. பணக்கார நாட்டிலும் பணியிடம் இல்லாமல் பணத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும். இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2017-இல் திட்டமிட்டு, சுமார் 8,000 பிள்ளைகளுக்கு ஒரு குழு என்று பள்ளிகளைத் தொகுத்து, அந்தக் குழுக்களைப் பொதுச் சுகாதாரச் சேவையோடு இணைத்தது.

பக்கத்தில் கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின்கீழ் ஆயிரம் பேர் அளவில் பள்ளி ஆலோசகர்கள் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள். ஒப்பந்தத்தில்தான், சம்பளத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் போராடிக்கொண்டுதான். இருந்தாலும் பள்ளியில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் போருக்கு நடுவிலேயே உளவளத்துணைப் பயிற்சியைக் கட்டி எழுப்பினார்கள். சாந்திகம் அந்தக் காலத்தில் உருவான நிலையம். அங்கே ஆசிரியர்களையே பயிற்றுவித்தார்கள். இடம்பெயர்ந்து முகாமுக்குப் போனாலும் பிள்ளையோடு கூடவே வருகிறவர் ஆசிரியர்தான் என்ற நிலையில், அது அவர்களுக்குச் சரியான முடிவு.

இந்த வேலைக்கு யார் வருவார்கள்

மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் குறைவு. அவர்களைத் தனியார் மருத்துவமனைகள் கொத்திக்கொண்டு போய்விடும். பள்ளிகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உளவியலில் எம்.எஸ்ஸி. அல்லது எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள், அதிலும் பெண்கள். எழும்பூரில் இயங்கும், 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற இடங்களில் நல்ல பயிற்சி கிடைக்கிறது. படிப்புக்குப் பஞ்சமில்லை, படித்தவரை நிறுத்திவைக்க நாற்காலிதான் இல்லை.

ஒப்பந்த வேலை என்றால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிக் கல்வித் துறையிலேயே பாடம் இருக்கிறது. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் எடுக்கப்பட்டார்கள். மே மாதச் சம்பளம் இல்லை என்பது அவர்களுடைய நெடுநாளைய குறையாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களுக்குக் கணக்கில்லை. மனநல ஆலோசகர்களும் அதே பாதையில் வைக்கப்பட்டால், மாதக் கடைசியில் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே பிள்ளைகளிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். நல்லவர்கள் ஈராண்டில் விலகிப்போவார்கள். அவர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் உச்ச நீதிமன்றம் நுழைந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான சுக்தேப் சாஹா வழக்கில், 2025 ஜூலை 25 அன்று வந்த தீர்ப்பு நாடு முழுமைக்கும் 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும். அதற்குக் குறைவானவை வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் வரும்வரை இதுவே கட்டுப்படுத்தும். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அமர்த்துவது எத்தனை மாதத்துக்கு என்று அது கட்டுப்படுத்தவில்லை. ஆய்வு அலுவலர் வரும்போது காட்டுவதற்கு ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும் இருந்தால் போதும் என்று பள்ளிகள் முடிவு செய்துவிட வழி இருக்கிறது. பல ஊர்ப் பள்ளிகளின் ஏட்டில் ஒரே ஆலோசகரின் பெயர் இருக்கக்கூடும்.

பள்ளிக்கு ஒருவர் என்பது உடனே நடக்காது. அத்தனை பேர் நம்மிடம் இல்லை. நடக்கக்கூடியது தொகுப்பு முறை. மயிலாப்பூர், மந்தைவெளி, பட்டினப்பாக்கம் பகுதியில் நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகள் நான்கைந்துக்கு ஒரு முழுநேர ஆலோசகர். ஒவ்வொரு பள்ளியிலும் வாரத்தில் குறித்த ஒரு நாள், மாறாத அதே நாள். ஒப்பந்தம் மட்டுமே சாத்தியம் என்றால் குறைந்தது மூன்று கல்வியாண்டுக்கு, ஆண்டுதோறும் ஜூன் முதல் அடுத்த மே முடிய. மேற்பார்வைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர், மாதம் ஒருமுறை. சந்துரு அறிக்கை சொன்ன நல அலுவலர் பணியிடம் வந்தால் இந்த ஏற்பாடு அதற்குள் அடங்கிவிடும். கிராமப்புற ஒன்றியங்களில் தூரம் அதிகம் என்பதால் அங்கே வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.

அதுவரை தற்காலிகமாகப் போகிறவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. எதுவரை இருப்பேன் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மூட முடியாத புண்ணைத் திறக்கக் கூடாது. நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால் நான்கு வாரத்தில் முடிகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கடைசி நாளில் மட்டும் விடைபெறாமல் இரண்டு மூன்று சந்திப்புகளை அதற்கென்று ஒதுக்க வேண்டும். பிள்ளையின் சம்மதத்தோடு, பள்ளியில் அது நம்பும் ஓர் ஆளிடம், அவர் சத்துணவு ஆயாவாகக்கூட இருக்கலாம், நேரில் கொண்டுபோய் விட வேண்டும். முறையாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். செய்வதற்கு நேரம் கொடுக்க வேண்டியது அனுப்புகிற துறை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்கலாம்: நம் பள்ளிக்கு வரும் ஆலோசகர் யார், எந்தக் கிழமை வருகிறார், அவருடைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, தேர்வு முடிவு வரும் நாளில் அவர் இருப்பாரா. பதில் வரும்வரை காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்கு 14416, 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்கள் இருக்கின்றன. ஸ்நேகாவின் எண் 044-24640050. வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் இவற்றை எழுதிவைக்க யாருடைய ஆணையும் தேவையில்லை.